வண்டி இழுக்கவில்லை

"காலி வண்டிய இட்டாந்து நிறுத்திட்டு நோவு இன்னான்னு கேட்டா நான் இன்னா சொல்றது? லோடு ஏத்திகினு வாக்கா. முதுவுல பாரம் இருந்தாத்தான் எங்க முக்குதுன்னு தெரியும்" என்று மெக்கானிக் ஆசீர்வாதம் முந்தின நாள் எங்களைத் திருப்பி அனுப்பியிருந்தான்.

அதனால் புதன்கிழமை காலை, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எட்டு டன் கம்பி ஏற்றிக்கொண்டு அவன் ஷெட்டுக்குப் போனோம். பெனிட்டோ ஓட்டினான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருபத்திரண்டு வயதான லாரி. என் வீட்டுக்காரர் சுயம்பு வாங்கிய ஒரே வண்டி. அவர் போனதிலிருந்து பதினொரு வருஷமாக அதை நான்தான் மார்க்கெட்டில் ஓட விடுகிறேன்.

பெனிட்டோ தூத்துக்குடிக்காரன். வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. பாலம் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தீகளாம்மா? மூணாவது கியர்லயே முனங்குது. நாலு போட்டா நின்னுரும். பின்னால பஸ்காரன் நம்ம பரம்பரையவே ஏசுதான்."

"கிளட்ச் நழுவுதோ?"

"கிளட்ச் புதுசுல்லாம்மா?"

புதுசுதான். மாசி மாதம் மாற்றியது. அப்போது வண்டி ஓட்டியவன் வரதன். 'இடது காலைக் கிளட்ச் மேல வச்சே தேச்சுட்டான்' என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷெட்டில் ஆசீர்வாதம் டிரைவர் சீட்டில் ஏறினான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, டாப் கியரில் தள்ளி, கிளட்சைச் சட்டென்று விட்டான். வண்டி ஒரு உதறு உதறி அணைந்தது.

"கிளட்ச் சூப்பரா புடிக்குதுக்கா. நழுவுற கிளட்ச்சா இருந்தா, வண்டி நிக்கும், இஞ்சின் அது பாட்டுக்கு ஓடிகினு இருக்கும். இது சடக்குனு செத்துச்சு பாரு. கியர் பாக்ஸையும் திட்டாத. அது மேல தப்பு இல்ல."

இறங்கி, சக்கரம் சக்கரமாகப் போய் டிரம்மைப் புறங்கையால் தொட்டான்.

"பிரேக்கு கவ்விகினு இருந்தா கை வெந்துடும். ஒண்ணும் இல்ல. டீசல் பில்டரு?"

"போன வாரம் மாத்துனேன் அண்ணே" என்றான் பெனிட்டோ.

"அப்ப ஏறு. மிதி. நல்லா மிதி!"

பெனிட்டோ மிதித்தான். கறுப்பாகப் புகை கிளம்பி எதிர்ப்பக்கத்துப் பரோட்டாக் கடையை மூடியது. கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்தார்.

"யோவ், ஆசீர்வாதம்! குஸ்கா கரி ஆயிடும்யா!"

"கறி கம்மியாத்தான போடுற, பரவால்ல வுடு!" என்று கத்திவிட்டு அவன் என் பக்கம் திரும்பினான். "டீசல் போவுதுக்கா, எரிய மாட்டேங்குது. சோத்த வாயில திணிச்சிட்டு மூக்க அமுக்கி வச்சிருக்கு எதுவோ. காத்து பத்தல."

காத்து பத்தல. இந்த வார்த்தையை எனக்கு வரதன் மாசி மாதமே சொல்லியிருந்தான். வாசலில் நின்று, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "காத்து பத்தல போலகீதும்மா, நல்ல மெக்கானிக்கு கிட்ட ஒருவாட்டி காட்டலாம்" என்றான். அதற்கு நான் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை.

ஆசீர்வாதம் பானெட்டைத் திறந்து, ஏர் பில்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைக் காட்டினான். பெனிட்டோ மிதிக்க மிதிக்க அது இரண்டு பக்கமும் ஒட்டி உள்ளே வாங்கியது.

"சர்பத் கடைல ஸ்ட்ரா அடச்சிகிச்சின்னா, உறிஞ்ச உறிஞ்ச ஒட்டிக்கும் இல்ல? அதே கதைதான். பில்டரு நல்லாகீது. அதுக்கும் மேல எங்கியோ மாட்டிகினு கீது."

கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் காற்றுக்குழாயை அவன் பில்டர் பக்கத்தில் கழற்றிவிட்டான். மறுபடி மிதிக்கச் சொன்னான். என்ன சத்தம்! பழைய சத்தம். புகை கூட வெளுத்துவிட்டது. பெனிட்டோ உள்ளேயிருந்து விசிலடித்தான்.

ஆசீர்வாதம் ஒரு கம்பியை வளைத்து, கழற்றிய குழாய்க்குள் விட்டுத் துழாவி, இழுத்தான். செத்த பெருச்சாளி மாதிரி ஒன்று வந்து விழுந்தது. கறுத்துப் பிசுக்கேறிய துணி. உதறினான். மடிப்புக்கு உள்ளே ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் நிறம் போகாமல் இருந்தது. அரக்கு நிறம், மஞ்சள் புள்ளி.

என் சுங்கடிப் புடவை.

பழைய வண்டியை ஆர்.டி.ஓ.விடம் எஃப்.சி.க்குக் காட்டப் போகுமுன் பெயிண்ட் அடிப்போம். கண்ணாடிக்கும் விளக்குக்கும் பேப்பர் ஒட்டுவார்கள். காற்றுக்குழாயின் தலையில் இருக்கும் தொப்பி மூடியைக் கழற்றி, வாயில் துணியைச் சொருகிவிட வேண்டும், பெயிண்ட் தூறல் உள்ளே போகாதபடிக்கு. சுயம்பு அதை வேறு யார் கையிலும் விட்டதில்லை. அவருக்குப் பிறகு நானும் விட்டதில்லை. தை மாதம் மாத்தூரில் பெயிண்ட் அடித்தபோது, காலி டிரம் மேல் ஏறி நின்று அந்தக் கிழிந்த சுங்கடியை நாலாக மடித்து, வெளியே தெரியாத ஆழத்துக்குச் சொருகியவள் நான்தான். வேலை முடிந்ததும் பெயிண்டர் பேப்பர்களைக் கிழித்தான், தொப்பியை மாட்டினான். "எல்லாம் எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டான். "ஆச்சு, ஆச்சு" என்றேன். நல்ல நேரம் முடிவதற்குள் வண்டிக்குச் சூடம் காட்டும் அவசரம் எனக்கு.

"மூணு மாசமா இதோடயா ஓடுச்சு?" என்று ஆசீர்வாதத்திடம் கேட்டேன்.

"மெல்லிசு துணிதானக்கா. மொதல்ல அது வழியாவே காத்து போயிருக்கும். எண்ணூர் கரித்தூளு, ரோட்டு மண்ணு எல்லாம் வந்து அப்பி அப்பி, கொஞ்சங்கொஞ்சமா மென்னிய புடிச்சிருக்கு."

"அப்பம் டீசல் கூடுனது?"

"இதாலதான். மூச்சு முட்டுனா கூடத்தான் குடிக்கும்."

"கிளட்ச் தேஞ்சது?"

"அதுவும் இதாலதான்க்கா! இழுக்காத வண்டிய லோடோட பாலம் ஏத்தணும்னா டிரைவரு இன்னா பண்ணுவான்? கிளட்ச்ச பாதி பாதியா அமுக்கித்தான் ஏத்துவான். அவனா இருக்கவே இவ்ளோ நாளு ஓட்டுனான்."

ஒவ்வொரு பதிலுக்கும் வரதன் மேல் நான் போட்ட பழி ஒன்று கழன்று விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் ஆசீர்வாதம்.

"ஆமா, எந்த பேமானி சொருகினான் இத்த? பழைய டிரைவரு வரதன் கோவிச்சிகினு போனான் இல்ல? போற போக்குல சொருகிட்டு பூட்டானோ? அப்டியும் செல பேரு கீறானுங்கக்கா."

வண்டி இழுக்காமல் போனதற்குப் பிறகுதான் வரதன் போனான் என்பது எனக்குத் தெரியும். துணி யாருடையது என்றும் தெரியும். வாயைத் திறந்தேன்.

"யாரு கண்டா?" என்றேன்.

ஆசீர்வாதம் அந்தத் துணியாலேயே கையைத் துடைத்துக் கழிவுப் பீப்பாயில் போட்டான்.

வரதன் என்னிடம் ஒன்பது வருஷம் ஓட்டினான். பங்குனி முதல் வாரத்தில் ஒருநாள் டீசல் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவனை நிற்க வைத்தேன்.

"வண்டி குடிக்கா, நீ குடிக்கியா வரதா?"

"இன்னாமா கேக்குற?"

"தமிழ்லதான கேக்கேன்."

அவன் சாவியை டி.வி. மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

எங்கள் லைனில் டிரைவரைச் சேர்ப்பதற்கு முன்னால் பழைய ஓனருக்கு ஒரு போன் போடுவார்கள். லைசென்ஸைக்கூட அப்புறம்தான் பார்ப்பார்கள். நாலாம் நாள் ஜெயக்கொடி போன் செய்தான். நாலு டிரெய்லர் வைத்திருப்பவன், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், என்னை மைனி என்றுதான் கூப்பிடுவான்.

"மைனி, உங்க வரதன் வந்து நிக்கான். ஆளு எப்படி?"

"ஓட்டுவான். கை கொஞ்சம் நீளம்."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. ஜெயக்கொடி அவனைச் சேர்க்கவில்லை. ஜெயக்கொடி சேர்க்காதவனை லாரி ஸ்டாண்டில் வேறு எவனும் சேர்க்கவில்லை.

துணி கிடைத்த புதன்கிழமைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனை எடுப்பேன், வைப்பேன். இப்போது வேலை நேரமாக இருக்கும் என்பேன். இப்போது சாப்பிடுவான் என்பேன். ஸ்டாண்டுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள், 'சுயம்பு அண்ணாச்சி பெஞ்சாதி சேலைய வச்சு லாரிக்கு மூக்கடைச்சா' என்று. இந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். வேறு காரணம் கிடையாது.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. சாவி வாங்க வந்த பெனிட்டோ சொன்னான்:

"ஸ்டாண்டுல பேசிக்கிடுதாவம்மா. வரதன்தான் வண்டிக்குள்ள துணியத் திணிச்சானாம். மணலியில ஏதோ கண்டெய்னர் கம்பெனியில கூடச் சொல்லிப்புட்டாவளாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். ஏம்மா, நீங்களும் ஆசீர்வாதம் அண்ணன்ட்ட அப்படித்தான சொன்னீக?"

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னதற்கு அர்த்தம் அதுதான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வரதன் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து ஏறினேன். கதவைத் திறந்தவள் அவன் பெஞ்சாதி கார்குழலி.

"ஓனரம்மா! மாடி ஏறியா வந்த? திட்டணும்னா போன்லயே திட்டி இருக்கலாமே."

"அதுக்கு வரலம்மா. வரதன் இருக்கானா?"

"இப்பத்தான் வந்துச்சு. தண்ணி கேன் போட்டுட்டு."

உள்ளே வரதன் பனியனோடு உட்கார்ந்திருந்தான். வலது தோள் கன்றிச் சிவந்திருந்தது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காரும்மா. கார்குழலி, தண்ணி குடு. இந்த வூட்ல இப்போ தண்ணிக்கி மட்டும் பஞ்சமே கெடியாது."

குடித்தேன். டம்ளரைக் கீழே வைக்காமல் சொன்னேன்.

"வரதா, அந்தத் துணியச் சொருகினது நாந்தான்."

"எந்தத் துணிமா? நான் சொருகினேன்னு ஊரே சொல்லிகினு கீதே, அந்தத் துணியா?"

"அதேதான். தை மாசம் பெயிண்ட் அடிக்கையில சொருகினேன். எடுக்க மறந்துட்டேன். டீசல் போனதும் அதாலதான், கிளட்ச் போனதும் அதாலதான். உன் மேல ஒரு குத்தமும் இல்ல."

அவன் சிரித்தான். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை.

"நான் அப்பவே சொன்னேன், காத்து பத்தலன்னு."

"சொன்ன."

"நீ இன்னா சொன்ன?"

"வரதா..."

"இல்லம்மா, நீயே சொல்லு. எனக்கு ஞாபகம் கீது, உனக்கு கீதான்னு பாக்குறேன்."

"டீசலக் காத்தாட வித்துப்புட்டு, காத்து பத்தலன்னா சொல்லுதன்னு கேட்டேன்."

கார்குழலி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"போன வெள்ளிக்கெழம இந்தாளு மணலியில ஒரு கம்பெனிக்கு டெஸ்ட்டு ஓட்டுச்சு. பெரிய டிரெய்லரு. மொத வாட்டியே ரிவர்ஸ்ல கொண்டாந்து கோடு மேல நிறுத்துச்சாம். பாஸுன்னு சொல்ட்டாங்க. பி.எஃப்., யூனிபார்ம் எல்லாம் உண்டு. ஒரே ஒரு போன் பண்ணி விசாரிச்சிட்டு வரோம்னு உள்ள போனாங்க. ஜெயக்கொடி கிட்ட பண்ணி இருக்காங்க. வெளிய வந்து, 'இன்னாப்பா, நீ வண்டிக்குள்ள துணி வுடுற ஆளாமே'ன்னாங்களாம். கை நீளம்னாகூட எங்கியாவது சேத்துப்பான்மா. வண்டிய கெடுக்குறவன எவன் சேப்பான்?"



"துணி உன் கையில எப்போ கெடச்சுது?" என்று வரதன் கேட்டான்.

இன்றைக்கு என்று சொல்லலாம். நேற்று என்று சொல்லலாம். ஆசீர்வாதம் தேதி எழுதி வைப்பவன் இல்லை. பொய் நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்தது. நான் அவன் தோளைப் பார்த்தேன்.

"புதன்கெழம. முந்தாநேத்து இல்ல, அதுக்கு முந்தின புதன். ஒம்பது நாளு ஆச்சு. நீ டெஸ்ட் ஓட்டுததுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால எனக்குத் தெரியும்."

வரதன் எழுந்து பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எனக்கும் அவனுக்கும் நடுவில் கார்குழலி வந்தாள்.

"நாளைக்கி காலைல ஸ்டாண்டுல எல்லாரு முன்னாடியும் சொல்லு."

"சொல்லுதேன்."

"நான் வந்து நிப்பேன். சொல்றியா இல்லியான்னு பாக்கணும்."

சனிக்கிழமை காலை சாத்தாங்காடு லாரி ஸ்டாண்டில் டீக்கடை பெஞ்சு நிரம்பியிருந்தது. ஜெயக்கொடி நடுவில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான். கார்குழலி வேலைக்குப் போகிற புடவையில், கைப்பையோடு, ரோட்டோரம் நின்றாள். நான் உட்காரவில்லை.

"ஜெயக்கொடி, நீயும் கேளு, எல்லாரும் கேளுங்க. வரதன் டீசல் எடுக்கல. வண்டியில துணி வச்சவனும் அவன் இல்ல. என் பழைய சேலைய நாந்தான் சொருகி, நாந்தான் மறந்தேன்."

மூலையிலிருந்து ஒரு டிரைவர் தொடங்கினான்:

"இன்னாமா, லாரிக்கு சேல கட்டி பாத்தியா?"

"ஜாக்கெட்டு தெச்சியா, இல்லியா?"

"வளகாப்பு எப்போம்மா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எதற்கு ஒன்பது நாள் பயந்தேனோ அது இவ்வளவுதான். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஜெயக்கொடி மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"மைனி, எனக்குப் புரியுது. அவன் பெஞ்சாதி வந்து அழுதிருப்பா. உங்களுக்கு இரக்க மனசு. பழிய நீங்க ஏத்துக்கிட்டு அவனக் கரையேத்தப் பாக்கீக. அண்ணாச்சியும் இப்படித்தான். அதுக்காவ நான் அவன்கிட்ட வண்டியக் குடுக்க முடியுமா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கெட்டது சொன்னபோது ஒரு வரியிலேயே நம்பியவன், நல்லது சொன்னால் என்னைப் புண்ணியவதி ஆக்குகிறான். ரோட்டோரம் பார்த்தேன். கார்குழலிக்கும் அது கேட்டிருந்தது. அவள் முகம் மாறவில்லை. இவர்கள் இப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிந்தே வந்தவள் போல நின்றாள்.

மீதியையும் சொன்னால்தான் முடியும் என்று தெரிந்தது. சொன்னால், இந்த ஸ்டாண்டில் எனக்கிருக்கும் மரியாதை போய்விடும் என்பதும் தெரிந்தது.

"இரக்கமா?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "துணி கெடச்சு பத்து நாளு ஆச்சு ஜெயக்கொடி. பாத்த ஒடனே என் சேலன்னு தெரியும். ஆசீர்வாதம் எம் மூஞ்சிக்கு முன்னால 'வரதன்தான் வச்சானோ'ன்னு கேட்டான். 'யாரு கண்டா'ன்னு சொன்னேன். நீங்கல்லாம் சிரிப்பீகன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துலதான் மணலியில அவனுக்கு வேலை போச்சு. இரக்கம் உள்ளவ இதச் செய்வாளா? நீயே சொல்லு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வளைகாப்பு கேட்டவன் டம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர் பால் ஆற்றுவதை நிறுத்தினார்.

"நீங்களா மைனி?" என்றான் ஜெயக்கொடி.

"நாந்தான்."

அவன் என்னை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான். தெரிந்து செய்தானா தெரியாது. போனை எடுத்து மணலிக்காரனைக் கூப்பிட்டான். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு சார், ஆளு சுத்தம்" என்றான். அந்தப் பக்கத்துப் பதிலைக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினான்.

"ஆளு எடுத்துட்டாவளாம். அடுத்த தடவ பாப்போம்னுதாவ." பிறகு ரோட்டோரம் திரும்பி, "தாயி, வரதன நாளைக்கு என் டிரெய்லருக்கு வரச் சொல்லு" என்றான்.

"நான் எதுக்கு சொல்லணும்?" என்றாள் கார்குழலி. "ஆளு வோணும்னா வூட்டுக்கு வந்து கூப்புடு. இவங்களே மூணு மாடி ஏறுனாங்க. உனக்கு இன்னா, காலு வலியா?"

ஜெயக்கொடி தலையைச் சொறிந்தான். "சாயங்காலம் வாரேன் தாயி" என்றான்.

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"கார்குழலி, ஒரு ஆட்டோ புடிச்சுத் தாரேன்."

"வாணாம்."

"வரதன் ராத்திரி ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லல. சோறு துன்னுச்சு, பட்த்துச்சு. நான்தான் தூங்கல."

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"என்னப் பத்தி நீ என்னம்மா நெனைக்க?"

அவள் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அத்த சொன்னா இன்னிக்கி நீ சோறு துன்ன மாட்ட" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.